மருந்தின் விலையும் நோயாளியின் உரிமையும்

லால்குடியில் வாழைத்தார் வாங்குவோர் தாரைத் தூக்கிப் பார்ப்பர். காயைத் தடவிப் பார்ப்பர். விலை மிகுதியெனின் அடுத்த மண்டிக்குச் செல்வர். வாங்குவோர் இங்ஙனம் ஆராய்தலால் விலை தானே அடங்குகின்றது. நெஞ்சுநோயுற்றுக் கட்டிலிற் கிடப்பார்க்கு இஃது இயலுமோ? இன்ன மருந்து, இன்ன கருவி எனத் தெரிந்தெடுப்பவர் மருத்துவர்; விற்பது மருத்துவமனை; பணங் கொடுப்பவர் மட்டுமே நோயாளி. இவ்வேற்றுமையை உணர்ந்தாலன்றி மருந்து விலைச் சட்டங்களின் நோக்கம் விளங்காது.

சில ஆண்டுகட்கு முன் எம் ஊரார் ஒருவர்க்கு இருதயக் குழாயில் அடைப்பு ஏற்பட்டது. நகரத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஸ்டென்ட் எனப்படும் சிறு கம்பிவலைக் குழாயைப் பொருத்தினர். அவர் உயிர் பிழைத்தார். அதற்கு அம்மருத்துவர் என்றும் நம் நன்றிக்குரியவர். ஆயின் அவர்தம் மனைவியின் நகைகளெல்லாம் அடகுக் கடைக்குச் சென்றன. பில்லிலோ ‘மருந்தும் கருவிகளும்’ என ஒரே வரியில் ஒரு பெருந்தொகை எழுதப்பட்டிருந்தது. அதனைப் பிரித்துக் காட்டுமாறு கேட்க உரிமையுண்டு என்பதை அவர் இல்லத்தார் அறிந்திலர். அன்று யாமும் அறிந்திலேம். அவ்வறியாமையே இக்கட்டுரை எழுத எம்மைத் தூண்டிற்று.

நம் நாட்டில் மருந்து விலையைக் கட்டுப்படுத்தும் முயற்சி 1962ஆம் ஆண்டின் சீனப் போரை ஒட்டித் தொடங்கியது. 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின்கீழ் 1970 முதல் ஆணைகள் பல பிறந்தன. இப்பொழுது நடைபெறுவது 2013ஆம் ஆண்டின் ஆணை. அதனை நடத்துவது 1997இல் நிறுவப்பெற்ற தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம். அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்ந்த மருந்து ஒன்றனைச் சந்தையில் நூற்றுக்கு ஒரு பங்கேனும் விற்கும் கம்பெனிகள், கடைக்காரர்க்கு என்ன விலைக்குத் தருகின்றன என்று கண்டு சராசரி எடுப்பர், கடைக்காரர் இலாபமாக நூற்றுக்கு 16 சேர்ப்பர், அதுவே உச்சவிலை. பட்டியலிற் சேராத மருந்திற்கு உச்சவிலை இல்லை. அச்சிட்ட விலையை ஆண்டொன்றுக்கு நூற்றுக்குப் பத்தின் மேல் உயர்த்தலாகாது என்னும் விதி மட்டுமே உண்டு.

ஸ்டென்ட் 2016ஆம் ஆண்டில் இப்பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்று இலட்ச ரூபாய்க்கு மேலும் விற்றது. 2017 பிப்ரவரித் திங்களில் ஆணையம் அதற்கு 29,600 ரூபாயும், மருந்து பூசாததற்கு 7,260 ரூபாயும் வரி நீங்கலாக உச்சவிலை விதித்தது. இவை ஆண்டுதோறும் திருத்தப்பட்டு வருகின்றன. அவ்வாண்டு ஆகஸ்டில் செயற்கை முழங்கால் மூட்டுக்கும் வரம்பு வந்தது. ஸ்டென்டின் விலை, பெயர், செய்த கம்பெனி, தொகுதி எண் ஆகியன பில்லில் தனியே எழுதப்படல் வேண்டும் என்பதும் அவ்வாணையே. எம் ஊரார் பில்லில் இவற்றுள் ஒன்றேனும் இல்லை.

அச்சிட்ட விலைக்கு மேல் வாங்காதிருப்பின் போதாதோ எனச் சிலர் வினவலாம். போதாது. தில்லியைச் சூழ்ந்த நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆணையம் ஆராய்ந்து 2018இல் அறிக்கை வெளியிட்டது. சில பொருள்களில் இலாபம் நூற்றுக்கு 1,737 வரை சென்றிருந்தது. அதற்கு அச்சிட்ட விலையை மீற வேண்டிய தேவையே இருந்திலது. மொத்தமாக வாங்கும் மருத்துவமனையின் பொருட்டுக் கம்பெனியே விலையை உயர்த்தி அச்சிடுகின்றது. பிற சந்தைகளில் விலை குறைந்த பொருள் விலைபோகும். ஈண்டோ விற்பவர்க்கு மிகுந்த இலாபம் தருவதே விலைபோகின்றது. ஆதலின் அச்சிட்ட விலை வேறு, நேரிய விலை வேறு.

வரம்பு விதித்தலிலும் இடர் இல்லாமலில்லை. சில அயல்நாட்டுக் கம்பெனிகள் தம் உயர்வகை ஸ்டென்டுகளை மீட்டுக்கொள்ள 2017இலேயே விண்ணப்பித்தன. ஒன்றன் விலையைக் கட்டினால் அறை வாடகை முதலிய வேறொன்றில் அத்தொகை ஏறவுங் கூடும். மருத்துவமனை மருந்துக் கடையிலேயே வாங்குமாறு நோயாளிகள் வற்புறுத்தப்படுகின்றனர் என்ற வழக்கில், 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தானே கட்டளை பிறப்பியாது, தக்க கொள்கை வகுக்குமாறு மாநிலங்களிடம் விட்டது.

சட்டம் ஒருபுறமிருக்க, அரசே மொத்தமாக வாங்கி வழங்கும் வழியும் உண்டு. 1994இல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அவ்வாறு வாங்குதலாலேயே லால்குடி அரசு மருத்துவமனையில் ஏழைக்கு மருந்து விலையின்றிக் கிடைக்கின்றது.

எனினும் கேட்பார் இல்லாதவிடத்துச் சட்டம் ஏட்டளவில் நிற்கும். நம் மாணவர் ஒவ்வொருவர் ஊரிலும் பில்லைப் படிக்க அறியாதார் பலர் உளர். அவர் பொருட்டு, ‘இதனைப் பிரித்து எழுதித் தாருங்கள்’ எனப் பணிவுடன் கேட்டல் நமக்கு அரிதன்று. அவ்வொரு சொல் ஒரு வீட்டின் நகையை மீட்கவுங் கூடும்.