வேலியோரத்துத் தூதுவளை

மாரிக்காலம் தொடங்கிவிட்டால் வீட்டுக்கு வீடு தும்மலும் இருமலும் கேட்கும். அவ்வேளையில் யாழ்ப்பாணத்து அம்மம்மாமார் வேலியோரஞ் சென்று, விரலில் முள் தைக்காதவாறு பதமாகக் கிள்ளிவரும் இலையொன்று உண்டு. அதுவே தூதுவளை.

தூதுளை, தூதுளம் என்பனவும் இச்செடியின் பெயர்களே. சிங்கள மக்கள் இதனை வெல்திப்பட்டு என்பர். சுவீடன் நாட்டுத் தாவரவியலறிஞர் லின்னேயசு 1753 இல் இதற்குச் சொலானம் திரைலோபாத்தும் எனப் பெயரிட்டார். இலை மூன்று மடலாகப் பிரிந்திருத்தலே அப்பெயருக்குக் காரணம். ஐந்து மடலுள்ள இலைகளும் உண்டு. கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த இதன் பூ ஊதா நிறமானது. காய் பழுத்தால் சிவக்கும்.

தானாக நிமிர்ந்து நிற்கும் வலிமை இதன் மெல்லிய தண்டுக்கு இல்லை. தண்டிலும் காம்பிலும் இலை நரம்பிலும் உள்ள வளைந்த முட்களே அயற்செடிகளிற் கொளுவி, இதனை மேலே ஏற்றுகின்றன. ஆகவே முள் இதற்குக் காவலுமாம், ஊன்றுகோலுமாம்.

கபத்தை அறுக்கும் மூலிகையெனச் சித்த வைத்தியம் இதனைப் போற்றும். முள்நீக்கிய இலையை நெய்யில் வதக்கி, தேங்காய்ப்பூ, செத்தல் மிளகாய், உள்ளி, புளி கூட்டி அரைத்தாற் சம்பலாகும். மிளகு சீரகத்துடன் கொதிக்கவைத்தால் இரசமாகும்.

இது வெறும் நம்பிக்கைதானா? இச்செடியிற் சொலசொடின் முதலிய காரப்பொருள்கள் உள்ளனவென ஆய்வாளர் கண்டுள்ளனர். 1999 இல் வெளியான இந்திய ஆய்வொன்றில், ஈளை நோயாளர் சிலருக்குத் தூதுவளைப் பொடி கொடுத்துப் பார்த்தனர். மூச்சுத் திணறல் தணிந்தது. ஆயினும் சல்பியூட்டமோல் என்னும் மருந்து தந்த பயனளவுக்கு இல்லை. ஆய்வும் சிறியதே. முன்னோர் கூற்றில் உண்மை உண்டு. அவ்வுண்மைக்கு ஓர் எல்லையும் உண்டு என்பதே இதனாற் பெறப்படுவது.

அவ்வெல்லையை மறத்தல் ஆபத்தாகும். சாதாரணத் தடிமனால் வந்த இருமல் சில நாளில் தணியும். இரண்டு வாரங் கடந்தும் இருமல் நீடித்தால், அதனுடன் மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, சளியில் இரத்தம் என்பன தோன்றினால், அது காசநோயாக இருக்கலாம். அந்நிலையில் இன்னும் ஒரு கிழமை இரசம் குடித்துப் பார்ப்போம் என்று காத்திருப்பவர், தம் நோயை முற்றவைப்பதோடு வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் அதைப் பரப்பக்கூடும். உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்று சளியைச் சோதிப்பித்தல் வேண்டும். சாதாரணக் காசநோய் ஆறு மாதம் ஒழுங்காக மருந்துண்டால் மாறிவிடும். அச்சிகிச்சை நம் நாட்டில் இலவசமாகவே கிடைக்கிறது. அவ்வாறே, கடுமையாக மூச்சுத் திணறுவோருக்கும் இலைச்சாறு தேடி நேரத்தைப் போக்கலாகாது.

இன்னுமொன்று. கிளுவைக் கதியால் வேலிகள் அழிந்து மதில்கள் எழும் வளவுகளிலே தூதுவளை தொற்றிப் படர இடமின்றிப் போகிறது. விதையாலும் தண்டாலும் எளிதில் முளைப்பது இது. கிணற்றடி ஓரத்திலே ஒரு சிறு பந்தலிட்டு ஒன்றை நட்டுவையுங்கள். முள்ளை அறிந்து இலையைக் கிள்ளுவதுபோல, எல்லையை அறிந்து மருந்தைக் கொள்வோமாக.