பட்டினி கிடந்தால் நிறை குறையுமா?

கோடை வந்தால் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் கொண்டாட்டங்களுக்குக் குறைவில்லை. கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று சனி ஞாயிறுகளில் மண்டபங்கள் நிறைந்துவிடும். அதற்கு இரண்டு மாதங்கள் முன்னரே பல வீடுகளில் இன்னொரு ஆயத்தமும் தொடங்கிவிடும். அதுதான் அவசர அவசரமாக நிறையைக் குறைக்கும் வேலை.

எமக்குத் தெரிந்த அக்கா ஒருவரும் மகளின் கலியாணத்துக்குள் 20 இறாத்தல் குறைக்க வேண்டும் என்று தொடங்கினார். காலையில் வெறும் பிளேன்ரீ, மத்தியானம் ஓர் அப்பிள், இரவில் ஒரு கோப்பை சூப். முதல் வாரத்திலேயே 5 இறாத்தல் குறைந்தது. "நல்லா மெலிஞ்சிட்டீங்கள் அக்கா" என்று எல்லோரும் பாராட்டினார்கள். நாமும் பாராட்டினோம். ஆறாவது வாரத்தில் தராசு முள் அசைய மறுத்தது. ஒருநாள் வேலைத்தலத்தில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, மயங்கி விழுந்துவிட்டார். அவர் நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர். சாப்பாட்டைக் குறைத்த விடயத்தை வைத்தியரிடம் சொல்லவில்லை. கலியாணம் முடிந்த சில மாதங்களில் குறைந்த நிறை முழுவதும் திரும்பி வந்ததோடு, தலைமயிரும் கொத்துக் கொத்தாகக் கொட்டத் தொடங்கியது.

நிறையைக் குறைப்பது நல்ல விடயம்தான். தெற்காசியர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைந்த நிறையிலேயே நீரிழிவும் இருதய நோயும் வரும் ஆபத்து உண்டு என்பதும் உண்மை. ஆனால் தேவைக்கும் குறைவாக உண்பது அதற்கான வழி அல்ல. ஏன் என்பதைப் பார்ப்போம்.

முதல் வாரத்தில் குறைவது எது?

எமது உடல் மாச்சத்தின் ஒரு பகுதியை ஈரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனுடனும் ஏறக்குறைய 3 கிராம் நீரும் சேர்ந்திருக்கும். திடீரென்று சாப்பாட்டை நிறுத்தினால் முதலில் கரைவது இந்தச் சேமிப்புத்தான். அதனோடு நீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்து 5 இறாத்தலில் பெரும்பகுதி இந்த நீரே. ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி சக்தி இருக்கிறது. அதை இரண்டு மூன்று நாட்களில் கரைத்துவிட முடியாது.

அதன் பின்னர் கொழுப்போடு தசையும் கரையத் தொடங்குகிறது. உணவில் புரதம் போதாமல் இருந்து, உடற்பயிற்சியும் இல்லாவிட்டால் தசையிழப்பு இன்னும் கூடும். எமக்கு இது முக்கியமான விடயம். அதே நிறையுள்ள ஐரோப்பியர் ஒருவரோடு ஒப்பிட்டால் தெற்காசியரின் உடலில் பொதுவாகத் தசை குறைவு, கொழுப்புக் கூடுதல். இரத்தத்திலுள்ள சீனியைப் பெருமளவில் பயன்படுத்துவது தசையே. இருக்கும் கொஞ்சத் தசையையும் பட்டினியால் இழப்பது, சேமிப்புப் பணத்தை எடுத்து வட்டி கட்டுவது போன்றது.

உடல் செய்யும் சிக்கனம்

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். ஆரோக்கியமான 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து அதில் கலந்துகொண்டார்கள். 24 வாரங்களுக்கு அவர்களின் உணவு ஏறக்குறைய பாதியாக, நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரியாகக் குறைக்கப்பட்டது. அந்த அக்கா சாப்பிட்டதைவிட இது எத்தனையோ மடங்கு அதிகம் என்பதைக் கவனியுங்கள்.

அவர்களின் நிறை கால்வாசி குறைந்தது. ஆனால் அதோடு நாடித்துடிப்பு மெதுவாகியது. எந்நேரமும் குளிர்ந்தது. உடல் ஓய்வில் இருக்கும்போது செலவிடும் சக்தி சுமார் 40 வீதம் குறைந்துபோனது. எரிச்சலும் மனச்சோர்வும் வந்தன. சாப்பாட்டைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியாமல், சமையல் புத்தகங்களைச் சேகரித்தவர்களும் உண்டு. மீண்டும் வயிறாரச் சாப்பிடத் தொடங்கியபோது தசையைவிடக் கொழுப்பே விரைவாகத் திரும்பியது.

அவர்கள் பருத்த உடலுடையவர்கள் அல்லர் என்பதால் இந்தக் கணக்கு அப்படியே எமக்குப் பொருந்தாது. ஆனாலும் பாடம் ஒன்றுதான். வருமானம் குறைந்தால் வீட்டில் செலவைச் சுருக்குவது போல, உணவு குறைந்தால் உடலும் தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. ஆறாவது வாரத்தில் தராசு முள் அசையாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ரொறன்ரோவில் கிடைத்த விடை

"நாள் முழுக்கக் கட்டுப்பாடாக இருப்பேன், இரவு பத்து மணிக்கு எல்லாம் உடைந்துவிடும்" என்று சொல்பவர்கள் பலர். இதற்கு மனவுறுதி இல்லாததுதான் காரணம் என்று எம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். பீற்றர் ஹேர்மன் 1975இல் இன்னொருவருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. மாணவியருக்கு முதலில் மில்க்ஷேக் கொடுத்து, பின்னர் ஐஸ்கிரீமைச் சுவைத்து மதிப்பிடச் சொன்னார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், மில்க்ஷேக் குடித்ததால் ஐஸ்கிரீமைக் குறைவாகவே உண்டார்கள். கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ மில்க்ஷேக் குடித்த பின்னர்தான் கூடுதலாக உண்டார்கள். "கட்டுப்பாடுதான் உடைந்துவிட்டதே, இனி என்ன" என்ற மனநிலை அது. ஹேர்மனும் ஜெனற் பொலிவியும் இந்த ஆராய்ச்சியை எமது ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்தார்கள். கடுமையான கட்டுப்பாடே அளவுமீறி உண்ணவும் வழிவகுக்கிறது என்பதுதான் அவர்கள் காட்டியது.

வேறு பாதிப்புகள்

• பித்தப்பைக்கல்: வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நிறை குறைந்தால் இந்த ஆபத்து கூடுகிறது.

• முடி உதிர்தல்: பட்டினி தொடங்கி இரண்டு மூன்று மாதங்களின் பின்னரே தெரியவரும். அதனால் பலருக்குக் காரணம் புரிவதில்லை.

• மாதவிடாய் தவறுதல்: உடலுக்குச் சக்தி போதவில்லை என்பதன் அறிகுறி இது. நீடித்தால் எலும்பும் பலவீனமடையும்.

• இரும்புச்சத்து, விற்றமின் பி12 குறைபாடு: மரக்கறி மட்டும் உண்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும்.

• வயதானவர்களுக்குத் தசையிழப்பு: குளிர்காலத்தில் பனியில் வழுக்கி விழும் ஆபத்தை இது இன்னும் கூட்டும்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வைத்தியரைக் கேட்காமல் உணவைக் குறைக்கவே கூடாது. வளரும் பிள்ளை ஒன்று சாப்பாட்டு மேசையைத் தவிர்த்தால், உண்டவுடன் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினால், "டயற்" என்று விட்டுவிடாதீர்கள். அது உண்ணல் கோளாறாக இருக்கலாம். குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள். 1985 முதல் ரொறன்ரோவில் இயங்கிவரும் தேசிய உண்ணல் கோளாறு தகவல் நிலையத்திடமும் உதவி கேட்கலாம்.

நீரிழிவு உள்ளவர்கள் கவனத்துக்கு

இன்சுலின், கிளிக்லசைட், கிளைபியூரைட் போன்ற மருந்துகளை வழமையான அளவில் எடுத்துக்கொண்டு சாப்பாட்டை மட்டும் குறைத்தால், இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். 4.0க்குக் கீழே போனால் உடனே ஒரு மேசைக்கரண்டி சீனியை நீரில் கரைத்தோ, மூன்றில் இரண்டு கோப்பை பழச்சாறோ குடிக்கவேண்டும். 15 நிமிடத்தின் பின் மீண்டும் அளந்து பாருங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 911ஐ அழையுங்கள். ஜார்டியன்ஸ், ஃபோர்சிகா போன்ற மாத்திரைகள் எடுப்போர் பட்டினி கிடந்தால் இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்தும் உண்டு. கந்தசஷ்டி விரதம் பிடிப்பவர்களும் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவை மாற்றவேண்டி வரலாம்.

"800 கலோரி உண்டு நீரிழிவையே மாற்றினார்களாமே?" என்று கேட்பீர்கள். உண்மைதான். பிரித்தானியாவில் நடந்து 2017இல் வெளியான டைரெக்ட் ஆய்வில், ஒரு வருட முடிவில் 46 வீதமானோரின் நீரிழிவு தணிந்திருந்தது. ஆனால் அவர்கள் உண்டது சத்துக்கள் அளந்து தயாரித்த விசேட உணவு. நீரிழிவு மாத்திரைகள் முதல் நாளே நிறுத்தப்பட்டன. தாதியரோ உணவியலாளரோ தொடர்ந்து கண்காணித்தார்கள். அப்பிளும் பிளேன்ரீயும் அதுவாகாது.

ஒசெம்பிக் போன்ற ஊசி போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பசி இல்லை என்பதற்காக வேளைகளைத் தவிர்க்காதீர்கள். கொஞ்சமாக உண்டாலும் புரதம் அதில் இருக்கட்டும்.

எப்படிக் குறைக்கலாம்?

வாரத்துக்கு 1 முதல் 2 இறாத்தல் குறைந்தால் போதும். 800 கலோரிக்குக் குறைந்த உணவு வைத்திய மேற்பார்வை இல்லாமல் ஒருபோதும் வேண்டாம்.

2019இல் வெளியான கனடாவின் உணவு வழிகாட்டி தமிழிலும் கிடைக்கிறது. தட்டின் அரைவாசி மரக்கறியும் பழமும், கால்வாசி புரதம், கால்வாசி தவிடு நீக்காத தானியம் என்பதே அதன் சாரம். எமது சமையலில் இதைச் செய்வது கடினமல்ல. சோற்றை ஒரு கோப்பையாக்குங்கள். அதன் இடத்தைக் கீரை, பயற்றங்காய், கோவா வறை நிரப்பட்டும். மீன், முட்டை, கோழி, பருப்பு, கடலை இவற்றில் ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். புட்டை மரக்கறியோடு நீத்துப்பெட்டியில் அவிக்கலாம். பால், சீனி போட்ட தேநீரையும் மாலை நேரத்து ரோல்ஸ், வடையையும் குறைத்தாலே பெரும் வித்தியாசம் தெரியும்.

தினமும் நடவுங்கள். குளிர்காலத்தில் அங்காடி வளாகங்களுக்குள் நடக்கலாம். வாரத்தில் இரண்டு நாட்களாவது தசைக்கு வேலை கொடுங்கள். கதிரையில் இருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்து இருப்பதும் பயிற்சிதான். தராசை மட்டும் நம்பாமல் இடுப்பையும் அளந்து பாருங்கள். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்குள் இருப்பது நல்லது.

யாரிடம் கேட்கலாம்?

ஒன்ராறியோவில் பதிவுபெற்ற உணவியலாளர் என்பது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பட்டம். போசாக்கு ஆலோசகர் என்று யாரும் தம்மை அழைத்துக்கொள்ளலாம். எனவே விசாரித்துச் செல்லுங்கள். சமூக சுகாதார நிலையங்களிலும் நீரிழிவுக் கல்வி நிலையங்களிலும் உணவியலாளர்களை இலவசமாகச் சந்திக்கலாம். 811ஐ அழைத்தால் எந்நேரமும் தாதியோடு பேசலாம், மொழிபெயர்ப்பு உதவியும் கேட்கலாம்.

அந்த அக்கா இப்போது உணவியலாளரிடம் போகிறார். மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டே மெல்ல மெல்லக் குறைத்து வருகிறார். அடுத்தமுறை மண்டபத்தில் ஒருவரைக் கண்டு "நல்லா மெலிஞ்சிட்டீங்கள்" என்று சொல்ல வாய் வந்தால், அதற்கு முன் "ஒழுங்காச் சாப்பிடுறீங்களா?" என்று கேட்போம். அன்று நாம் கேட்கத் தவறிய கேள்வி அதுதான்.