விளக்கு டிவியில், கண் கையில்

அக்கா குடும்பம் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டுப்போன நிண்டெண்டோ வீ என்ற வீடியோ கேம் பெட்டியில், டிவி மேல் வைக்கும் 'சென்சார் பார்' வயரை எலி கடித்துவிட்டதாம். கடைக்காரர் புதிதாக ஒன்று வாங்கச் சொல்கிறார், அது இல்லாமல் ஓடாதா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஓடும். இரண்டு மெழுகுவர்த்தி போதும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அந்த ஒல்லியான கறுப்புப் பட்டை நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதற்குப் பார்க்கவே தெரியாது. இரு முனையிலும் சில அகச்சிவப்பு எல்.இ.டி. விளக்குகள், அவ்வளவுதான். வயர் வழியாக அதற்கு மின்சாரம் வருகிறது. தகவல் எதுவும் திரும்பிப் போவதில்லை. கண் இருப்பது ரிமோட்டில். முன்முனையிலுள்ள கறுப்புத் தடுப்புக்குப் பின்னால், அகச்சிவப்பை மட்டும் காணும் சிறு கேமரா. அதற்கு உங்கள் சோபாவோ சுவரோ புலப்படாது; இரண்டு புள்ளிகள் மட்டும் தெரியும். ராத்திரி நெடுஞ்சாலையில் எதிரே வரும் லாரியின் இரண்டு ஹெட்லைட்டுகளை வைத்தே தூரத்தைக் கணிக்கிறோமே, அதே கணக்கு. புள்ளிகளின் இடைவெளி குறுகினால் ஆடுபவர் பின்னால் நகர்ந்திருக்கிறார். இரண்டும் சரிந்து தெரிந்தால் ரிமோட்டைச் சாய்த்துப் பிடித்திருக்கிறார். இந்தக் கணக்குக்கான விவரத்தை ரிமோட்தான் புளூடூத் வழியே பெட்டிக்கு அனுப்புகிறது. மெழுகுவர்த்திச் சுடரிலிருந்தும் அகச்சிவப்பு வருவதால், சுமார் ஒரு சாண் இடைவெளியில் இரண்டை ஏற்றிவைத்தால் ரிமோட் ஏமாந்துவிடும். (திரைச்சீலை பக்கத்தில் வேண்டாம், புண்ணியமாகப் போகும்.) ஜன்னல் வெயில் எதிரே அடித்தால் திரையில் சுட்டி தடுமாறுவதும் இதனால்தான்.

டென்னிஸ் விளையாட்டில் மட்டையை வீச இந்தப் புள்ளிகள்கூட வேண்டாம். அது முடுக்கமானியின் வேலை: சிலிக்கான் சில்லுக்குள் நுண்ணிய விற்களில் தொங்கும் ஒரு துளி எடை. இவ்வகைச் சில்லுகள் மோதலை உணர்ந்து காற்றுப்பையை விரிப்பதற்காக 1990களிலேயே கார்களுக்குள் வந்துவிட்டன. அதற்கு வேகம் மாறுவது தெரியும், தோள் சுழன்றதா என்பது தெரியாது. எனவே எம்பி எம்பி அடிப்பவரை, சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டைச் சுண்டும் தம்பி தோற்கடித்துவிடுவான். சுழற்சியை அளக்கும் ஜைரோஸ்கோப் 2009இல்தான், அதுவும் தனியே மாட்டும் துணைக்கருவியாக வந்தது.

1889இல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு செய்து தொடங்கிய கம்பெனி நிண்டெண்டோ. போட்டியாளர்கள் எச்.டி. படத்துக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, தலைவர் சடோரு இவாடா அந்தப் பந்தயத்திலிருந்தே விலகி, 2006 நவம்பரில் வீயை இறக்கினார். முற்றிப்போய் மலிவான தொழில்நுட்பத்தை எடுத்துப் புது வேலைக்கு வை என்பது அங்கே பணிபுரிந்த குன்பெய் யோகோயின் பழைய கொள்கை. கால்குலேட்டர் திரையை வைத்து 1980இல் கையடக்க விளையாட்டுக் கருவி செய்தவர் அவர். வீ பத்துக் கோடிக்கு மேல் விற்றது. முதியோர் இல்லங்களில் பௌலிங் போட்டி நடத்தினார்கள். ஆடுபவர் வேகத்தில் கைப்பட்டை அறுந்து ரிமோட் பறந்த கதைகள் பெருக, சுமார் 32 லட்சம் பட்டைகளை மாற்றித்தர வேண்டியிருந்தது.

எனக்குப் பிடித்தது, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் ஜானி சங் லீ 2007இல் இந்த விளக்கு-கண் ஏற்பாட்டைத் தலைகீழாக்கியதுதான். ரிமோட்டை டிவி பக்கம் வைத்து, விளக்குகளைத் தன் கண்ணாடியில் மாட்டிக்கொண்டார். தலை அசைய அசைய, திரை ஜன்னலைப் போல ஆழம் காட்டியது. அகச்சிவப்புப் பேனா ஒன்றைச் செய்து, சாதாரணச் சுவரையே தொடுபலகை ஆக்கினார். அதே ரிமோட்டைத்தான் நாம் பழைய சாமான்காரருக்குத் தூக்கிக் கொடுக்கிறோம். நம் ரிப்பேர் கடைகளும் 'மொத்தமாக மாற்றிடுங்க சார்' என்பதைத் தாண்டி யோசிப்பதில்லை. பிளஸ் டூ இயற்பியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், கடைக்குப் போவதற்கு முன் அதன் கையில் ஒரு வாரம் கொடுங்கள். யாரும் தொடப்போவதில்லை, அலமாரியில்தான் கிடக்கும் என்றால், ரிமோட்டின் பின்மூடியைக் கழற்றி இரண்டு பேட்டரியையும் எடுத்துவிட்டு வையுங்கள். கசிந்தால் தகடு அரித்துப்போகும்.