தொட்டில் பக்கத்திலேயே தைராய்டு ஸ்கேன்!

"சமத்துக் குழந்தை... அழறதே இல்லை. பாலுக்குக்கூட நாமதான் எழுப்பணும்" என்று பாட்டிகள் பெருமைப்படுவதுண்டு. தைராய்டு குறைந்த குழந்தையும் இப்படித்தான் தூங்கும்! பல குழந்தைகளிடம் இந்த அறிகுறிகூட இருக்காது. தாயிடமிருந்து வந்த ஹார்மோன், ஆரம்பத்தில் குறையை மறைத்துவிடும். வெளியே தெரியும்போது மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டிருக்கும்.

அதனால்தான் பிறந்து இரண்டு நாள் கழித்து, குதிகாலில் குத்தி சில சொட்டு ரத்தம் எடுத்து டி.எஸ்.ஹெச். பார்க்கிறார்கள். (முதல் நாளே எடுத்தால் எல்லாக் குழந்தைக்கும் அது ஏறித்தான் இருக்கும். வீண் பயம்!) ரிசல்ட் வருவதற்குள் டிஸ்சார்ஜ் ஆகிவிடுவோம் என்பதால், சரியான போன் நம்பர் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அளவு அதிகமா? மறுபடி ரத்தம் எடுத்து உறுதி செய்வார்கள். சுரப்பிக்கு என்ன ஆச்சு என்று பார்க்க உதவுவதுதான் கையடக்க அல்ட்ராசவுண்ட் மிஷின். லேப்டாப் அளவுதான். பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். மிஷினே தொட்டிலருகே வந்துவிடும். குழந்தை தூங்கும் நேரமாகப் பார்த்து, தோளுக்கடியில் துணியைச் சுருட்டி வைத்து, கழுத்தில் ஜெல் தடவிச் சில நிமிடம் பார்ப்பார்கள். மயக்க மருந்து வேண்டாம். கதிர்வீச்சும் கிடையாது.

மூச்சுக்குழாயின் இரு பக்கமும் பட்டாம்பூச்சிச் சிறகு மாதிரி இருப்பதுதான் தைராய்டு. சிசுவுக்கு ஒரு சிறகு சுமார் 2 செ.மீ. நீளம்தான். அந்த இடம் காலியாக இருந்தால், சுரப்பி உருவாகவே இல்லை. அல்லது நாக்கின் அடிப்பகுதி போன்ற வேறு இடத்தில் தங்கிவிட்டது. (அதை இந்த ஸ்கேன் தவறவிடலாம்; ஐசோடோப் ஸ்கேன் நன்றாகக் காட்டும்.) இவர்களுக்கு ஆயுசு முழுக்க மாத்திரை தேவை. வீங்கியிருந்தால் பெரும்பாலும் ஹார்மோன் தயாரிப்பில் கோளாறு. அது பரம்பரையாக இருக்கலாம் என்பதால், அடுத்த பிரசவத்தில் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சுரப்பி உரிய இடத்தில் இருந்தால் குறை தற்காலிகமாகவும் இருக்கலாம். 3 வயசுக்கு மேல் மாத்திரையை நிறுத்திப் பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.

"ஸ்கேன் நார்மல்னுட்டாங்களே, மாத்திரை எதுக்கு?" என்று சிலர் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். ரொம்பத் தப்பு. ஸ்கேன் காட்டுவது சுரப்பியின் உருவத்தை; அது வேலை செய்கிறதா என்று சொல்வது ரத்தம்தான். ஸ்கேனுக்குக் காத்திருந்து மருந்தைத் தள்ளிப்போடவும் கூடாது. பிறந்து இரண்டு வாரத்துக்குள் ஆரம்பித்துவிட வேண்டும்.

மாத்திரையைப் பொடித்து, ஒரு ஸ்பூன் தாய்ப்பாலில் கலந்து, தினமும் ஒரே நேரத்தில் கொடுங்கள். பாட்டில் பாலில் கலக்காதீர்கள். மீதி வைத்தால் மருந்தும் மீதிதான். இரும்பு, கால்சியம் சொட்டு மருந்துகளுக்குச் சில மணி நேரம் இடைவெளி விடுங்கள்.