அன்று வால், இன்று முகம்

அமெரிக்காவின் வடகிழக்கு மலைகளில் மே மாதத்து வெயில் ஏறியதும், தெற்கு பார்த்த பாறைச் சரிவுகளில் கிலுகிலுப்பைப் பாம்புகள் தலைகாட்டும். குளிர்காலம் முழுக்கப் பாறை இடுக்குகளுக்குள் கூட்டமாக முடங்கிக் கிடந்தவை அவை. இலையுதிர் காலம் வந்தால் பழைய இடுக்கைத் தேடித்தான் திரும்பிப் போகும். இந்தப் பழக்கமே அவற்றுக்கு வினையாக முடிந்தது. வெர்மான்ட் மாநிலத்தில் 1971 வரையிலும் மினசோட்டாவில் 1989 வரையிலும், கிலுகிலுப்பைப் பாம்பைக் கொன்று வாலைக் கொண்டுவந்து காட்டியவருக்குச் சன்மானம் கிடைத்தது. எந்தப் பாறை, எந்த வாரம் என்று தெரிந்துவைத்திருந்தவருக்கு அது நல்ல வரும்படி. தேடி அலைய வேண்டியதில்லை. கோலோடு போய் நின்றால் போதும்.

இன்றும் அதே மாதத்தில் அதே பாறைகளுக்கு ஆட்கள் ஏறுகிறார்கள். கையில் கொக்கி, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய், பஞ்சுக் குச்சி. பாம்பின் தலையைக் குழாய்க்குள் நுழையவிட்டு, உடலைப் பிடித்துக்கொண்டு, முகத்தையும் வயிற்றுச் செதில்களையும் நிதானமாகப் பார்க்கிறார்கள். செதில் தடித்திருக்கிறதா, பொருக்குத் தட்டியிருக்கிறதா, கண்ணருகே வீக்கம் உண்டா? சந்தேகமான இடத்தைப் பஞ்சால் தேய்த்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, பாம்பை எடுத்த இடத்திலேயே விடுகிறார்கள். வாலை இப்போது யாரும் கேட்பதில்லை.

புண் அன்றும் இருந்தது. குளிர் முடிந்து வெளியே வரும் பாம்புகளின் உடம்பில் கொப்புளமும் சிரங்கும் தென்படுவது பழைய ஆட்களுக்குத் தெரிந்த சங்கதிதான். குளிர்காலத்து ஈரத்தில் கிடந்ததால் வந்தது, இரண்டு தடவை சட்டை உரித்தால் போய்விடும் என்பார்கள். பல பாம்புகளுக்கு அப்படிப் போகவும் செய்தது. பாம்பு வளர்ப்போர் கண்ணாடிப் பெட்டிக்குள் இதையே கண்டால் கொப்புள நோய் என்றார்கள். பழி பெட்டியைக் கழுவாதவர் மேல் விழும். அடியில் விரித்த காகிதத்தை மாற்று, ஈரத்தைக் குறை, அயோடின் பூசு என்பதே வைத்தியம். அதைத் தவறென்று தள்ள முடியாது. ஈரமும் அழுக்கும் ஊர்வனவற்றின் தோலைக் கெடுக்கும் என்பது இன்றும் உண்மை. ஆனால் காரணம் கையில் தயாராக இருந்ததால் யாரும் அதற்கு அப்பால் தேடவில்லை. ஒரு விளக்கம் பாதி சரியாக இருப்பதில் உள்ள ஆபத்து இது.

2006-இல் நியூ ஹாம்ப்ஷயரில் கோடையில் கடும் மழை. அந்த மாநிலத்தில் எஞ்சியிருந்தது ஒரே ஒரு கிலுகிலுப்பைப் பாம்புக் கூட்டம். அதில் முகத்திலும் உடலிலும் புண்ணோடு பாம்புகள் தென்பட்டன. ஓராண்டுக்குள் கூட்டம் பாதியாகக் குறைந்தது. 2008-இல் இல்லினாய் மாநிலத்தின் கார்லைல் ஏரிப் பக்கம், மாசசாகா எனப்படும் சிறிய கிலுகிலுப்பைப் பாம்புகள் மூன்று, முகம் உருத்தெரியாமல் வீங்கிய நிலையில் கிடைத்தன. மூன்று வாரத்துக்குள் மூன்றுமே செத்தன. தசைக்குள்ளும் எலும்பு வரையிலும் புகுந்திருந்தது ஒரு காளான். ஜார்ஜியாவில் கூண்டில் இருந்த கறுப்பு எலிப்பாம்பு ஒன்றிலிருந்து 2009-இல் புதிய இனமாக விவரிக்கப்பட்ட காளான் வகைதான் அதுவும். 2013-இல் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்து ஒஃபிடியோமைசிஸ் என்று பெயர் வைத்தார்கள். நோய்க்கு அதுதான் மூலம் என்பது 2015-இல் ஆய்வகத்தில் சோளப் பாம்புகளின் மேல் அதைத் தடவிப் பார்த்தபோது உறுதியானது.

அந்தச் சோதனையில் நோயை விடவும் பாம்பு நோயோடு போராடிய விதம்தான் கவனிக்கத் தக்கது. காளான் தொற்றிய பாம்புகள் அடிக்கடி சட்டை உரித்தன. மேல்தோலில் பிடித்த பகைவனை மேல்தோலோடு கழற்றி எறிவது நல்ல உபாயம்தான். ஆனால் ஒவ்வொரு சட்டைக்கும் உடம்பு செலவழிக்க வேண்டும். அவையோ இரை எடுக்காமல் விட்டன. மறைவில் சுருண்டிருக்க வேண்டியவை திறந்த வெளியில் கிடந்தன. கூண்டில் இதனால் பெரிய நட்டமில்லை. காட்டிலோ பருந்து பார்த்துவிடும். குளிருக்கு முன்பு கொழுப்புச் சேர்க்காத பாம்பு வசந்தத்தைப் பார்க்காது. ஆகவே காளான் நேரே கொல்வதைவிட, பாம்பின் தற்காப்பே அதைக் கொல்லும் இடத்துக்குக் கொண்டுபோகிறது என்று சொல்லலாம். கடுங்குளிரில் பாம்பின் நோயெதிர்ப்பு மந்தமாகிவிடுவதையும் சேர்த்துப் பார்த்தால், மே மாதத்துப் புண்ணுக்கு அந்தக் காலத்தவர் சொன்ன விளக்கம் ஏன் பாதி சரி என்பதும் புரியும்.

வளர்ப்புப் பாம்புக்கு இப்போது வழி உண்டு. மரபணுச் சோதனை சில நாளில் விடை சொல்கிறது. படர்தாமரைக்கு நாம் மருந்துக் கடையில் வாங்கும் டெர்பினாஃபைனை நுண்துளிகளாக்கிச் சுவாசிக்க வைப்பதும், தோலுக்கடியில் பதித்து மெல்லக் கசியவிடுவதும் முயன்று பார்க்கப்பட்டிருக்கின்றன. வைத்தியம் மாதக் கணக்கில் இழுக்கும். காட்டுப் பாம்புக்கு இதெல்லாம் நடக்கிற காரியமா? அங்கே செய்ய முடிவது, ஒரு பாறையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்முன் காலணியையும் கொக்கியையும் பிளீச் கலந்த நீரில் நனைப்பது. ஆராய்பவரே நோயைச் சுமந்து போய்விடக் கூடாதல்லவா?

புதிய நோய் என்றுதான் முதலில் எல்லோரும் எழுதினார்கள். 2021-இல் அருங்காட்சியகப் புட்டிகளைத் திறந்து பார்த்தவர்கள் அதைத் திருத்தினார்கள். பதப்படுத்திவைத்த பாம்புகளின் தோலில் புண் தேடினார்கள்; திசுவை வெட்டிப் பார்த்தார்கள்; மிஞ்சியிருந்த மரபணுவைச் சோதித்தார்கள். 1945-இலேயே அமெரிக்கக் காட்டுப் பாம்புக்கு இந்த நோய் இருந்திருக்கிறது. வாலுக்குச் சன்மானம் கொடுத்த காலத்திலேயே காளானும் அந்நாட்டுப் பாம்புகளிடம் இருந்தது என்று அர்த்தம். சேகரித்தவர்கள் செதில்களை எண்ணினார்கள், நீளத்தை அளந்தார்கள், இனப் பெயர் எழுதி ஒட்டினார்கள். புண்ணை ஒரு தகவலாக நினைக்கவில்லை.

அப்படியானால் இன்று மட்டும் ஏன் அலற வேண்டும் என்று கேட்கலாம். என் பார்வையில் காளானைவிட அதைத் தாங்க வேண்டிய கூட்டம்தான் அதிகம் மாறியிருக்கிறது. வடகிழக்கில் ஒரு பெண் கிலுகிலுப்பைப் பாம்பு முதல் ஈற்றுக்கு வர ஏழெட்டு வருடம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். அதன்பிறகும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் குட்டி போடும். நூறு பாம்பு கிடந்த இடுக்கில் பத்து செத்தால் ஈடுகட்டிக்கொள்ளும். சன்மானமும் சாலையும் வீட்டு மனைகளும் தின்று மிச்சம் வைத்த கூட்டத்தில் பத்து செத்தால் கதை வேறு. நியூ ஹாம்ப்ஷயர்க் கூட்டம் நெடுங்காலம் தனித்துக் கிடந்து உள்ளுறவிலேயே பெருகியதால் மரபணு வளமும் வற்றியிருந்தது. காளான் பழையது, அது வந்து சேர்ந்த வீடு மட்டும் இற்றுப்போயிருந்தது.

ரொம்பப் பழையது என்றும் சொல்லிவிட முடியாது. 2022-இல் வெளிவந்த மரபணு ஆய்வு, இந்தக் காளான் அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து, ஒரு முறைக்கு மேல், அண்மைக் காலத்தில் வந்திருக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பாவிலும் தைவானிலும் அதன் உறவுகள் இருக்கின்றன; பிரிட்டனில் உதிர்ந்து கிடந்த பாம்புச் சட்டைகளிலேயே கண்டுபிடித்தார்கள். கண்டம் விட்டுக் கண்டம் பாம்பு தானாகப் போகாது. வளர்ப்புப் பிராணி வியாபாரத்தின் மேல்தான் சந்தேகம் விழுகிறது.

இதே மாதிரி இன்னொரு காளான், சாலமாண்டர் எனப்படும் வாலுள்ள இருவாழ்விகளை ஐரோப்பாவில் வாரிக்கொண்டு போனபோது, அது தன் மண்ணைத் தொடுவதற்கு முன்பே 2016-இல் அமெரிக்கா 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதியைத் தடுத்தது. பாம்புகளுக்கும் ஒரு தடை உண்டு. 2012-இல் பர்மிய மலைப்பாம்பையும் வேறு சில பெரும்பாம்புகளையும் நிறுத்தினார்கள். பர்மிய மலைப்பாம்பு புளோரிடாச் சதுப்பில் பெருகிப்போனதுதான் காரணம். துறைமுகத்தில் வந்திறங்கும் மற்றப் பாம்புகளின் தோலில் காளான் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் விதி ஏதும் அதில் இல்லை.