தப்பு தெரிந்ததும் நிரல் ஏன் நின்றுவிடுகிறது?

2016 டிசம்பர் 16 அன்று மலேசியாவின் சுங்கை பூலோவிலிருந்து எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்கியது. முதல் பெட்டியின் முகப்பில் நின்று பாருங்கள்: ஓட்டுநர் அறையே இல்லை, கண்ணாடிக்கு அப்பால் தண்டவாளம்தான். ஓட்டுவது கணினி.

அதற்கே குழப்பம் வந்தால்? ஒரு பேச்சுக்கு, கதவு திறந்திருக்கிறது, வேகமோ மணிக்கு 40 கிலோமீட்டர் என்று நிரலுக்குத் தகவல் வருகிறது. இரண்டில் ஒன்று பொய். எது என்று தெரியாமல் மேலே கணக்குப் போடுவது, வழி தவறியவன் நடையை எட்டிப் போடுவது மாதிரி.

சி மொழியில் இதற்கு ‘அசர்ட்’ உண்டு. “இந்த இடத்தில் இது இப்படித்தான் இருக்கும்” என்று நிரலர் எழுதிவைக்கும் நிபந்தனை. அது பொய்த்தால் எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று அச்சிட்டுவிட்டு நிரல் அங்கேயே நின்றுவிடும். பலர் இதைச் சுற்றி ஒரு துணைச் செயற்கூறு எழுதிக்கொள்வார்கள். ‘கதவு திறப்பு, வேகம் 40’ என அந்நேர மதிப்புகளையும் அது பதிந்துவைக்கும். பிழை தேடுபவருக்குப் பாதி விடை அந்த வரிதான்.

நின்றால் போதுமா? ரயிலுக்குப் போதும். அவசர பிரேக்கை விலக்கி வைக்கத்தான் பொதுவாக மின்சாரம் வேண்டும். நிரல் நின்று அது துண்டிக்கப்பட்டால் பிரேக் தானாகப் பிடிக்கும். ராக்கெட் எங்கே நிற்கும்? 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட்டில், 16 பிட்டுக்குள் அடங்காத எண்ணைத் திணித்ததில் திசையறியும் கணினி நின்றது. மாற்றுக் கணினியும் நின்றது. புறப்பட்ட சுமார் 40 நொடியில் ராக்கெட் சிதறியது. இரு கணினிகளிலும் ஓடியது ஒரே நிரல்.