காபிச் செடிக்கு எமனான வண்டு

பெங்களூர் ஓட்டல்களில் காலையில் மணக்கும் பில்டர் காபிக்குக் கொட்டை பெரும்பாலும் சிக்கமகளூர், குடகு, ஹாசன் மாவட்டங்களிலிருந்து வருகிறது. அங்குள்ள எஸ்டேட்டுகளில் தமிழ்த் தொழிலாளர்களும் பாடுபடுகிறார்கள். அவர்கள் வளர்க்கும் அரபிகா செடிக்கு ஒரு சிறு வண்டு எமனாக வாய்த்திருக்கிறது.

அதன் நீளம் ஓர் அங்குலம்கூட இராது. கறுப்பு உடலில் வெள்ளைக் கோடுகள். வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்பது புத்தகப் பெயர். தோட்டத்தில் "போரர்" என்றால்தான் தெரியும்.

இது பழைய பகை. 1860-களிலேயே குடகுத் தோட்டங்களைப் பாழாக்கியது. பின்னாளில் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த டாக்டர் ஜார்ஜ் பிடி இதை ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1869-ல் சென்னையில் வெளியாயிற்று.

உள்ளே இருக்கும் எதிரி

வெயில் படும் தண்டின் பட்டை வெடிப்பில் பெண் வண்டு முட்டையிடும். பொரிந்த புழு பட்டையைத் தின்று, பிறகு கட்டைக்குள் புகுந்து மாதக்கணக்கில் குடையும். இலை மஞ்சளாகி வாடும். இளஞ்செடி என்றால் பட்டே போகும். தண்டுக்குள் இருப்பதால் மருந்து தெளித்தும் புழுவைப் பிடிக்க முடிவதில்லை.

வண்டு வெளியே பறப்பது ஆண்டில் இரு பருவம்: ஏப்ரல்–மே, அக்டோபர்–டிசம்பர். அப்போது தோட்டத்தில் பொறி வைக்கிறார்கள். ஆண் வண்டின் வாசனையைப் போலச் செய்த மருந்து அதில் இருக்கும். அதை நாடி வரும் பெண் வண்டு தகட்டில் மோதிக் கீழேயுள்ள பாத்திரத்தில் விழும். எத்தனை விழுந்தன என்று எண்ணினால், பறக்கும் பருவம் தொடங்கிவிட்டதா என்பது தெரியும்.

கண்தான் காவல்

ஆனால், தண்டுக்குள் உள்ள புழுவைப் பொறி தொடாது. அதற்குத் தொழிலாளியின் கண்தான் வேண்டும். பறக்கும் பருவத்துக்கு முன்பே வரிசை வரிசையாக நடந்து, தண்டில் புடைத்த வரி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கண்ட செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டும். நிழல் மரங்களைக் காப்பதும் அவசியம். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட காபி வாரியமும், பாலேஹொன்னூரில் 1925-ல் தொடங்கிய அதன் ஆராய்ச்சி நிலையமும் சொல்லும் வழி இதுவே.

பிடுங்கிய செடி நல்ல விறகாயிற்றே என்று லைன் வீட்டுப் பக்கம் அடுக்கி வைப்பதுண்டு. அதிலிருந்தே வண்டு கிளம்பி மறுபடி தோட்டத்துக்குப் போகும். ஒரு செடி காய்க்க மூன்று நான்கு ஆண்டு ஆகிறது. செடி போனால் பறிக்கும் வேலையும் போகும். அந்த விறகை அன்றன்றே எரித்துவிடுவது நல்லது.